குயில்ட் மென்பொருளை எங்கிருந்து பழகத் தொடங்குவது?

கேள்வி: ஐந்தாறு வருடங்களாகக் குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கிறேன். இதுவரை கட்டம் போட்ட நோட்டில் கலர் பென்சிலால்தான் டிசைன் வரைந்து வந்தேன். இப்போது இக்யூ8 (எலக்ட்ரிக் குயில்ட் 8) என்ற குயில்ட் வரையும் மென்பொருள் வாங்கியிருக்கிறேன். பயிற்சி வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக உட்கார்ந்தால் எதை அழுத்துவதென்றே தெரியவில்லை. ஒருவழியாக 10 அங்குலத்தில் ஒஹையோ ஸ்டார் என்ற நட்சத்திர பிளாக் (குயில்ட்டில் அடுக்கும் சதுர வடிவம்) ஒன்று போட்டேன். சதுரங்களை வெட்டும் அளவு 3 13/16 அங்குலம் என்று வருகிறது. என் ஸ்கேலில் அப்படி ஒரு கோடே இல்லை. தப்பு என்னிடமா, மென்பொருளிடமா? இதைப் பழக ஒரு ஒழுங்கான வழி சொல்லுங்களேன்.

பதில்: மென்பொருள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. 10 அங்குலம் என்ற அளவுதான் அந்த பிளாக்குக்குப் பொருந்தவில்லை. ஒஹையோ ஸ்டார் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் அமைந்தது. 10ஐ மூன்றால் வகுத்தால் 3.33 வரும். தையலுக்காகச் சுற்றிலும் கால் அங்குலம், அதாவது மொத்தம் அரை அங்குலம் சேர்த்தால் 3.83. இதை 1/16க்கு அருகில் கொண்டுவந்தால் 3 13/16. 1/8க்கு அருகில் கொண்டுவரும்படி அமைப்பை மாற்றினால் 3 7/8 என்று காட்டும். ஸ்கேலில் அந்தக் கோடு இருக்கும் என்றாலும், ஒவ்வொரு துண்டும் ஒரு நூலளவு பெரிதாகி, மூன்று துண்டு சேர்ந்த பிளாக் 1/8 அங்குலம் கூடிவிடும். ஆறு பிளாக் கொண்ட வரிசையில் அது முக்கால் அங்குலம். பார்டர் வைக்கும்போது துணி அலை அலையாக எழும்புவது இப்படிப்பட்ட இடங்களில்தான் தொடங்குகிறது.

அதே பிளாக்கை 9 அல்லது 12 அங்குலமாக மாற்றிப் பாருங்கள். சதுரம் 3 1/2 அல்லது 4 1/2 என்று சுத்தமாக வந்துவிடும். கட்ட நோட்டில் வரைந்தபோது உங்களுக்கு இந்தச் சிக்கல் வந்திருக்காது. நோட்டில் கட்டங்களை எண்ணிக்கொண்டுதான் வரைவோம், அதனால் பிளாக் தானாகவே சரியான அளவில் நின்றுவிடும். திரையில் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வரையத் தொடங்குமுன் “இந்த பிளாக் எத்தனை கட்டம்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று கட்ட பிளாக்குகளுக்கு 6, 9, 12. இரண்டு அல்லது நான்கு கட்டமென்றால் 8, 12, 16. ஐந்துக்கு 10 அல்லது 15. பேர்ஸ் பா (கரடிப் பாதம்) மாதிரி ஏழு கட்ட பிளாக்குகளுக்கு 7, 10 1/2, 14. இந்த வகைகளைக் கலந்து ஒரே குயில்ட்டில் வைக்க நினைத்தால் 12 அங்குலம் இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஐந்தும் ஏழும் மட்டும் அதோடு ஒத்துப்போகாது.

மென்பொருளில் பிளாக் அளவைக் கொடுத்த கையோடு, கோடுகள் ஒட்டிக்கொள்ளும் புள்ளிகள் எத்தனை என்பதையும் கொடுங்கள். 12 அங்குல பிளாக்குக்கு இரு பக்கமும் 24 புள்ளி என்று வைத்தால், அரை அங்குலத்துக்கு ஒரு புள்ளி கிடைக்கும். கோடு போடும்போது கை கொஞ்சம் தள்ளிப்போனாலும் அருகில் இருக்கும் புள்ளியில் போய் நின்றுகொள்ளும். ஐந்து கட்ட பிளாக்கை 10 அங்குலத்தில் வரைகிறீர்கள் என்றால் 20 புள்ளி. புதிதாகப் பழகுகிறவர்கள் “கோடு நான் நினைத்த இடத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது” என்று அலுத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இந்த எண்ணைக் கவனிக்காததுதான் காரணம். இன்னொன்று: கோட்டின் இரு முனையும் வேறொரு கோட்டிலோ பிளாக்கின் ஓரத்திலோ போய் முட்ட வேண்டும். பாதியில் நிற்கும் கோடு துண்டாகப் பிரியாது, அதற்குத் தனி நிறம் கொடுக்கவும் முடியாது.

சரி, பழகும் வழிக்கு வருவோம். புதிதாக ஒரு டிசைனை யோசிக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே தைத்து முடித்த ஒரு குயில்ட்டை எடுத்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, அதையே திரையில் முதலிலிருந்து கடைசிவரை வரையுங்கள். எளிமையானதாக, ஒரே பிளாக் திரும்பத் திரும்ப வருவதாக இருந்தால் நல்லது. மென்பொருளும் புதிது, டிசைனும் புதிது என்றால், திரையில் வருவது சரியா தப்பா என்று ஒப்பிட உங்களிடம் எதுவும் இருக்காது. தைத்த குயில்ட் என்றால் ஒவ்வொரு விடையும் உங்களுக்கு முன்பே தெரியும். பிளாக் எவ்வளவு, இடைப்பட்டை எத்தனை அங்குலம், பார்டர் எவ்வளவு, துணி எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு மிஞ்சியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. மென்பொருள் வேறு எண்ணைக் காட்டினால், எந்த அமைப்பை மாற்றினால் அது உங்கள் எண்ணுக்கு வருகிறது என்று தேடுவீர்கள். அந்தத் தேடலில் கற்பது மறக்காது. வீடியோ பார்த்துப் பழகுவதில் இந்த ஒன்றுதான் கிடைப்பதில்லை. அங்கே வரும் குயில்ட் வேறு யாருடையதோ.

வேலை நடக்கும் இடங்களை முதலில் பிரித்து அறிந்துகொள்ளுங்கள். பிளாக் வரைவதற்கு ஒரு மேஜை, குயில்ட்டை அடுக்குவதற்கு ஒரு மேஜை, படங்களையும் துணி ஸ்கேன்களையும் சீர்செய்ய ஒரு மேஜை என்று இக்யூ8இல் தனித்தனியாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஸ்கெட்ச்புக். மேஜையில் கிடப்பது ஸ்கெட்ச்புக்கில் சேர்த்தால்தான் நிலைக்கும். பிளாக் மேஜையில் வரைந்ததைச் சேர்க்காமலே குயில்ட் மேஜைக்குப் போய், “நான் வரைந்த பிளாக் எங்கே?” என்று தேடாதவர்கள் குறைவு. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் ஒரு முறை சேர்த்து வையுங்கள். பழைய வடிவங்கள் பின்னால் வேண்டியிருக்கும்.

குயில்ட் மேஜையில் முதலில் லேஅவுட்: எத்தனை பிளாக் குறுக்கே, எத்தனை கீழே, இடைப்பட்டை உண்டா இல்லையா. பிறகு பார்டர். அதற்கப்புறம்தான் பிளாக்கை வைப்பதும் துணியை வைப்பதும். ஒவ்வொரு இடமாகக் கிளிக் செய்துகொண்டே போக வேண்டாம். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ஓரிடத்தில் கிளிக் செய்தால் எல்லா இடமும் நிரம்பும். ஆல்ட் விசையோடு என்றால் ஒன்று விட்டு ஒன்று நிரம்பும். மேக் கணினியில் அவற்றுக்குப் பதில் கமாண்டும் ஆப்ஷனும். இந்த இரண்டு விசைகள் கைக்கு வந்தாலே வேலை பாதியாகக் குறையும். மற்ற பட்டன்களைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போதே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

குயில்ட் திரையில் வந்ததும் வெட்டும் அளவுப் பட்டியலை எடுத்து, உங்கள் பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். 12 அங்குல ஒஹையோ ஸ்டாரில் சதுரம் 4 1/2. முக்கோணங்களுக்கு 5 1/4 அங்குலச் சதுரத்தை வெட்டி, இரண்டு மூலைவிட்டங்களிலும் நறுக்கி நான்காக்கச் சொல்லும். தைத்து முடிந்தபின் வரும் அளவோடு 1 1/4 சேர்ப்பது இங்கே விதி. சதுரத்தை ஒரே மூலைவிட்டத்தில் இரண்டாக நறுக்கி எடுக்கும் முக்கோணங்களுக்கு 7/8 சேர்க்க வேண்டும். இவற்றை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். காரணம் தெரிந்தால் மென்பொருள் தரும் எண்ணைப் பார்த்ததுமே சரியா என்று சொல்லிவிடலாம். முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்துக்கும் கால் அங்குலம் விட வேண்டும். அது கூர்முனையில் நீண்டு, கால் அங்குலத்தின் 1.414 மடங்கு, ஏறக்குறைய 0.35 ஆகிறது. நேர்ப் பக்கங்களுக்கான அரை அங்குலத்தோடு சேர்த்தால் 0.85. அதைத்தான் 7/8 என்று எடுத்துக்கொள்கிறோம். நான்காக நறுக்கும்போது நீளப் பக்கத்தின் இரு முனையிலும் கூர்முனை வருவதால் 1.2 ஆகி, 1 1/4 என்று நிற்கிறது.

சதுரத்தை இரண்டாக நறுக்குவதா நான்காக நறுக்குவதா என்பதில் துணியின் இழையும் இருக்கிறது. பிளாக்கின் வெளி ஓரமாக வரும் பக்கம் நேர் இழையில் இருந்தால்தான் இழுபடாது. கிராஸாக (இழைக்குச் சாய்வாக) இருந்தால் கையில் எடுக்கும்போதே நீளும். வரைபடத்தில் இழை தெரிவதில்லை. பட்டியலில் எது வெளி ஓரம் என்று பார்த்து நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். கோடு போட்ட துணி, ஒரே திசையில் படம் ஓடும் துணி இவற்றுக்கும் அப்படியே.

திரையில் அழகாக இருக்கும் எதையும் தைத்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டுத் துண்டு சாய்சதுரங்கள் சேர்ந்த நட்சத்திரத்தை இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடலாம். அதன் இடைவெளிகளில் சதுரத்தையும் முக்கோணத்தையும் பொருத்தத் தையலை நடுவில் நிறுத்தித் திருப்பித் தைக்க வேண்டியிருக்கும். அது தெரிந்தவர்களுக்கே நிதானமான வேலை. வரைந்த பிளாக்கை நேர்க்கோடுகளாலேயே வரிசைகளாகவோ பகுதிகளாகவோ பிரிக்க முடிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முடியாவிட்டால், ஒன்றிரண்டு கோடுகளைச் சேர்த்துப் பெரிய துண்டை இரண்டாகப் பிரித்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். துண்டின் சிறுமையையும் கவனியுங்கள். தைத்து முடிந்தபின் வரும் அளவு அரை அங்குலம் என்றால் 1 அங்குலம் வெட்டி, அதில் பாதியைத் தையலுக்கே கொடுக்கிறீர்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது உறைக்காது. பிளாக்கை அதன் உண்மை அளவிலேயே ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் பிடித்துப் பார்த்தால் உடனே தெரியும்.

உங்கள் தையலும் மென்பொருளுக்குத் தெரியாது. கால் அங்குலம் என்றால் கச்சிதமாகக் கால் அங்குலம் என்றே அது கணக்கு வைக்கும். துணி மடியும் இடத்தில் போகும் ஓரிரு நூலை அது சேர்ப்பதில்லை. 1 1/2 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டிச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 3 1/2 வர வேண்டும், நடுப் பட்டை சரியாக 1 அங்குலம் தெரிய வேண்டும். குறைந்தால் தையலை ஒரு நூலளவு ஓரத்தின் பக்கம் நகர்த்திப் போடுங்கள். பன்னிரண்டு துண்டு கொண்ட வரிசையில் பதினொரு தையல் இருக்கும். ஒவ்வொன்றிலும் 1/16 போனால் வரிசையே 11/16 அங்குலம் சுருங்கிவிடும். அப்போது மென்பொருள் சொன்ன பார்டர் நீளம் பொருந்தாது. பார்டரை எப்போதும், தைத்து முடித்த குயில்ட்டின் நடுவில் அளந்த பிறகே வெட்டுங்கள்.

பழைய குயில்ட்டை வரைந்து முடித்த பிறகு, காகிதம் தராத ஒன்றை அனுபவித்துப் பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். மென்பொருளின் பிளாக் நூலகத்திலிருந்து, நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகள் அடுக்கிய லாக் கேபின் பிளாக்கை எடுங்கள். மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் வெளிர்த் துணிகள், மறுபக்கம் அடர்த் துணிகள். ஆறுக்கு ஆறு என்று 36 பிளாக்கை வையுங்கள். இனி பிளாக்கைச் சுழற்றும் கருவியை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கால் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிளாக்கில் ஒரு கோட்டைக்கூட மாற்றாமல், நடுவிலிருந்து சதுரம் சதுரமாக விரியும் பார்ன் ரைசிங் கிடைக்கும். வேறு விதமாகத் திருப்பினால் சாய்வாக உழவுசால் ஓடும் ஸ்ட்ரெய்ட் ஃபர்ரோ கிடைக்கும். இன்னும் எத்தனையோ வரும். இதையே கலர் பென்சிலால் செய்ய ஒரு நாள் போதாது. மென்பொருளுக்காகச் செலவிடும் நேரம் எல்லாம் இந்த இடத்தில் திரும்பக் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ஒஹையோ ஸ்டாரை அடுத்தடுத்து வைத்தாலும் இப்படித்தான். நான்கு பிளாக்குகளின் மூலைச் சதுரங்கள் சேர்ந்து ஒரு பெரிய சதுரமாகின்றன. அதற்கு வேறு நிறம் கொடுத்துப் பார்த்தால் நட்சத்திரம் பின்னால் போய்ச் சதுரம் முன்னே வரும்.

நிறத்தில் திரையை முழுதாக நம்ப வேண்டாம். திரை ஒளியை உமிழ்கிறது, துணி ஒளியைத் திருப்பித் தருகிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிய வழியில்லை. அதிகம் ஏமாற்றுவது நிறத்தைவிட அடர்த்திதான். குயில்ட்டின் படத்தைச் சேமித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் அதிலும் தெரிந்தால் துணியிலும் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிட்டால், நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது உங்கள் டிசைன் காணாமல் போகும்.

கையில் இருக்கும் துணியையே ஸ்கேன் செய்து உள்ளே கொண்டுவந்தால் இன்னும் நம்பகமாக இருக்கும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். படத்தின் அகலம் எத்தனை பிக்சல், அது துணியில் எத்தனை அங்குலம் என்று பார்த்து வகுத்தால் வருவதுதான் டிபிஐ. 600 பிக்சல் படம் 6 அங்குலத் துணியைக் காட்டினால் 100 டிபிஐ. இந்த எண் தப்பினால், உள்ளங்கை அளவுப் பூ திரையில் பட்டாணி அளவில் தெரியும். அதை நம்பி 2 அங்குலத் துண்டாக வெட்டினால் ஒரு இதழ்கூட முழுதாக விழாது. மொபைலில் படமெடுப்பதாக இருந்தால் துணியின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிறகு சரியாக 5 அங்குலம் மட்டும் இருக்கும்படி நறுக்கிக்கொண்டால் கணக்கு எளிது.

துணி எவ்வளவு வாங்குவது என்ற மதிப்பீட்டையும் மென்பொருள் தரும். அதில் துணியின் அகலம் என்ன என்று கேட்கும்போது 44 என்று கொடுக்காதீர்கள். கரை ஓரங்களும் துவைத்தபின் சுருங்குவதும் போக, கைக்கு வருவது 40 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பைண்டிங்கும் (ஓரம் கட்டும் பட்டை) அடித்துணியும் (பின்பக்கத் துணி) அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கையாலேயே போட்டுவிடலாம். 60க்கு 72 அங்குலக் குயில்ட்டின் சுற்றளவு 264. மூலைகளுக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்தால் 276. அதை 40ஆல் வகுத்தால் ஏழு பட்டை. ஒவ்வொன்றும் 2 1/2 அகலம் என்றால் 17 1/2 அங்குலத் துணி. அடித்துணிக்குச் சுற்றிலும் 4 அங்குலம் கூடுதலாக வைத்தால் 68க்கு 80. 40 அங்குல அகலத்தில் இரண்டு நீளத்தை நெடுக்காகச் சேர்க்க வேண்டும். மொத்தம் 160 அங்குலம், அதாவது 4 மீட்டருக்குச் சற்று மேல்.

அச்சிடும்போது, பக்கத்துக்குப் பொருந்தும்படி சுருக்கும் அமைப்பை எடுத்துவிட்டு 100 சதவீதம் என்று வையுங்கள். பிரிண்டர் சத்தமில்லாமல் 97 சதவீதமாக்கினால் 12 அங்குலம் 11.64 ஆகிவிடும். முதல் தாளில் தெரிந்த அளவுள்ள ஒரு கோட்டை ஸ்கேலால் அளந்த பிறகே மற்றவற்றை அச்சிடுங்கள். காகிதத்தின் மேல் தைக்கும் முறையில், அச்சிட்ட பக்கத்தில் தைக்கிறோம், துணி மறுபக்கம் இருக்கிறது. அதனால் பிளாக் கண்ணாடிப் பிம்பமாக வரும். இடம் வலம் மாறினால் பாதகமில்லாத பிளாக்குகளுக்குக் கவலையில்லை. எழுத்து, பறவை, படகு போன்றவற்றுக்கு அச்சு ஏற்கெனவே திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் 10 அங்குல நட்சத்திரத்தை எப்படியும் 10 அங்குலமாகவே வைக்க ஆசைப்பட்டால் இந்த முறை உதவும். கோடு தாளிலேயே இருப்பதால் 3 13/16 எங்கே என்று ஸ்கேலில் தேட வேண்டியதில்லை. தாராளமாக வெட்டி, கோட்டின் மேல் தைத்து, மிச்சத்தை நறுக்கிவிடலாம்.

நீங்கள் வாங்கியதே போதுமா என்ற சந்தேகமும் இருக்கலாம். எலக்ட்ரிக் குயில்ட் 1991இலிருந்து வந்துகொண்டிருக்கும் மென்பொருள். இக்யூ8 2017இல் வந்தது, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். குயில்ட் தைப்பவர்களுக்கு என்றே செய்தது என்பதால் தையல் ஓரம், வெட்டும் பட்டியல் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. பிரவுசரிலேயே வேலை செய்யும் ப்ரீகுயில்ட் நிறங்களை மாற்றி மாற்றிப் பார்க்க வசதியானது. இங்க்ஸ்கேப் இலவசம், நுணுக்கமாக வரையவும் செய்யலாம். ஆனால் அது பொதுவான வரைபட மென்பொருள், தையல் ஓரத்தையும் துணிக் கணக்கையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். கைவசம் இருப்பதை விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவ வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. கட்ட நோட்டையும் ஒதுக்கிவிடாதீர்கள். தோன்றியதைச் சட்டென்று கிறுக்கிவைக்க அதுதான் வசதி.

பழைய குயில்ட்டும் லாக் கேபினும் முடிந்ததும் புதிய டிசைனுக்கு வாருங்கள். அதற்கான பட்டியலை அச்சிட்டவுடன் எல்லாத் துணியையும் வெட்டிவிடாமல், ஒரே ஒரு பிளாக்குக்கு மட்டும் வெட்டித் தைத்து அளந்து பாருங்கள். 12 அங்குல பிளாக் என்றால் தைத்ததும் 12 1/2 இருக்க வேண்டும். இருந்தால் மிச்சத்தை வெட்டலாம். இல்லையென்றால் முதலில் அந்தப் பட்டைச் சோதனையைச் செய்து தையலைச் சரிபாருங்கள். அதிலும் குறையில்லை என்றால் பிளாக் அளவு, புள்ளி எண்ணிக்கை, எந்தப் பின்னத்துக்கு அருகில் கொண்டுவருகிறது என்ற அமைப்பு, இந்த மூன்றையும் திறந்து பாருங்கள்.